கானகத்தில் துரத்துவது யார்?

சங்கத்தின் ஆண்டு மலரில் சினிமாவைப் பற்றிக் கட்டுரையா, அதுவும் பயமுறுத்தும் படங்களைப் பற்றியா என்று பெரியவர்கள் சிலர் முகம் சுளிக்கலாம். ஆனால் நம் வீட்டுப் பிள்ளைகள் நாலு நாள் லீவு கிடைத்தால் நெல்லியாம்பதி, டாப்ஸ்லிப், மூணாறு என்று கூட்டாளிகளோடு கிளம்பிவிடுகிறார்கள். கிளம்புவதற்கு முந்தின ராத்திரி செல்போனில் பார்ப்பதும் இந்த மாதிரிப் படங்களைத்தான். காட்டைப் பற்றி அவர்கள் மனத்தில் ஏறும் முதற்பாடம் இதுவென்றால், அந்தச் சரக்கை மூட்டை பிரித்துப் பார்ப்பதில் தப்பில்லை.

இவ்வகைப் படங்களின் கதை அநேகமாக ஒன்றேதான். நாலைந்து நண்பர்கள், ஒரு வண்டி, ஒரு கூடாரம். வழியில் பெட்டிக்கடைக்காரரோ ஒரு கிழவரோ "உள்ளே போகாதீங்க" என்பார். கேட்க மாட்டார்கள். அப்புறம் ஏதோ ஒன்று பின்தொடரும்; ஒவ்வொருவராகக் குறைந்துகொண்டே வருவார்கள்.

இதற்கு வழிகாட்டிகளுள் முக்கியமானது, 1972இல் ஜான் பூர்மன் இயக்கிய 'டெலிவரன்ஸ்' என்னும் அமெரிக்கப் படம். அட்லாண்டா நகரத்து நண்பர்கள் நால்வர் மலையாற்றில் படகு விட்டுப் போகிறார்கள். அணை கட்டி அந்தப் பள்ளத்தாக்கு மூழ்கப் போகிறது. அதற்குள் ஆற்றை ஒருதரம் பார்த்துவிடலாம் என்ற ஆசை. மலைவாசிகள் இருவர் மறித்துக் கொடுமை செய்கிறார்கள். பிறகு வேட்டைதான். நன்றாக எடுத்த படம், அதை மறுப்பதற்கில்லை. ஆனால் வரவு செலவைப் பாருங்கள். அணையால் வீட்டையும் கோயிலையும் முன்னோர் கல்லறையையும் இழக்கப் போகிறவர்கள் அந்த மலைச் சனங்கள். மின்சாரம் போவது நகரத்துக்கு. படத்திலோ பயப்படுகிறவர் நகரத்தார், பயமுறுத்துகிறவர் மலையார். மணக்கடவு வழியாகச் சித்தூர்ப் புழைக்கு வரும் ஆளியாற்றுத் தண்ணீரை நம்பி விவசாயம் நடக்கும் ஊர்க்காரர்களாகிய நாம், அணைக்கு மேலே யார் இருந்தார்கள் என்ற கேள்வியை லேசில் விடக் கூடாது.

பின்னால் வந்தவர்கள் பூர்மனின் திறமையை விட்டுவிட்டு அச்சை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். 2003இல் வந்த 'ராங் டர்ன்' படத்தில் மலைக்காட்டு மனிதர்கள் நரமாமிசம் தின்னும் விகாரர்களாகவே ஆகிவிட்டார்கள். விதிவிலக்கு என்றால் 1999இல் வந்த 'பிளேர் விட்ச் ப்ராஜெக்ட்'. மூன்று மாணவர்கள் காட்டில் வழி தவறுகிறார்கள்; துரத்துவது எது என்று கடைசிவரை காட்டவே இல்லை. ராத்திரியில் சுள்ளி ஒடிகிற சத்தம் போதுமாயிருக்கிறது. குறைந்த முதலில் நிறைய லாபம் பார்த்த படம் அது என்பதையும் வியாபாரி என்ற முறையில் சொல்லிவிடுகிறேன்.

நம் நாட்டிலும் காட்டுப் பயம் பழைய சரக்குதான். 1952இலேயே சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் ஓர் அமெரிக்கக் கம்பெனியோடு கூட்டுச் சேர்ந்து 'காடு' எடுத்தது. இந்தியில் 2005இல் 'கால்' வந்தது: புலிகள் சரணாலயத்துக்குப் போன நண்பர்கள் சாகிறார்கள், வழிகாட்டியாக வருகிறவனே பேய். 2009இல் ராம்கோபால் வர்மாவின் 'அக்யாத்', காட்டுக்குள் போன சினிமாக் கோஷ்டியைக் கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒன்று கொல்லும் கதை. இரண்டிலும் அங்கே குடியிருக்கும் சனங்களுக்குச் சொந்த வாழ்க்கை என்று ஒன்று இருப்பதாகவே தெரியவில்லை.

அதே 2009இல் தமிழில் எஸ்.பி.ஜனநாதனின் 'பேராண்மை' வந்தது. போரிஸ் வசீலியெவின் சோவியத் நாவலைத் தழுவியது. என்.சி.சி. பயிற்சிக்குக் காட்டுக்குள் போகும் கல்லூரி மாணவிகள் ஐந்து பேர். அழைத்துப் போகும் வனத்துறை ஊழியர் துருவன் பழங்குடி இளைஞர். ஆரம்பத்தில் அந்தப் பெண்கள் அவரைக் கேலி செய்து படுத்தாத பாடில்லை. பிறகு ஆயுதத்தோடு அந்நியர் நுழையும்போது, அவருக்குத் தெரிந்த காடுதான் அவர்களுக்குக் கோட்டையாகிறது. இங்கே காட்டைச் சேர்ந்தவன் காப்பவன், வெளியிலிருந்து வந்தவன் வேட்டைக்காரன். படத்தில் பிரசங்கம் கொஞ்சம் அதிகம், பாட்டும் தேவையில்லை. ஆனாலும் மேற்கே செய்த அச்சைத் திருப்பிப் போட்ட துணிச்சலுக்காக, ஜெயம் ரவியின் பெயர் சொல்லும் படமாக மட்டும் அதை விட்டுவிடாமல் மறுபடியும் பார்க்க வேண்டும்.

இனி எல்லாரும் பார்த்த படத்துக்கு வருவோம். 2024 பிப்ரவரி 22 அன்று வெளியான 'மஞ்ஞும்மல் பாய்ஸ்', மலையாளப் படங்களில் முதன்முதலாக 200 கோடியைத் தாண்டியது. 2006இல் கொச்சிப் பக்கத்து மஞ்ஞும்மல் நண்பர்கள் கொடைக்கானல் போனபோது ஒருவர் குணா குகைக் குழிக்குள் விழுந்ததும், கூட்டாளி ஒருவரே கயிறு கட்டிக்கொண்டு இறங்கி மீட்டதும் உண்மை நிகழ்ச்சி. சிதம்பரம் இயக்கம். குகையைப் பெரும்பாவூரில் செட் போட்டு எடுத்தார்களாம், நம்பவே முடியவில்லை. 1991இல் வந்த 'குணா' படத்துப் பாட்டு ஒலிக்கும் இடத்தில், சித்தூர்த் தாலுகாவிலும் நம்மவர் கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் வெளியே வந்தார்கள்.

துரத்துகிற கொலைகாரன் இதில் கிடையாது. குழிதான். அதற்கு 'சாத்தானின் சமையற்கூடம்' என்று வெள்ளைக்காரன் வைத்த பெயர் வேறு. வேலியைத் தாண்டியது நண்பர்கள் என்பதைப் படம் மறைக்கவில்லை. ஆனால் உதவி கேட்டுப் போகிறவர்களைத் தமிழ்நாட்டுப் போலீஸ் அடிக்கும் காட்சியில் நம் நிலைமை தர்மசங்கடந்தான். நாம் தியேட்டரில் மலையாளிகளோடு உட்கார்ந்திருக்கிறோம். திரையில் அடிக்கிறவன் நம் பாஷை பேசுகிறான். அதே படத்தில் தமிழ்க் கடைக்காரர் ஒருவர் அந்தப் பையன்களுக்காகத் துடிக்கிறார் என்பதையும் சேர்த்து எடை போட வேண்டும். எழுத்தாளர் ஜெயமோகன் 2024 மார்ச்சில் இப்படத்தைச் சாடியபோது கேரளத்தில் பெரிய சலசலப்பு எழுந்தது. காட்டில் குடித்துப் பாட்டிலை உடைத்துப் போட்டால் யானையின் காலில் குத்தும் என்று அவர் சொன்னது முழு நியாயம். மலையாளிகளைப் பொதுவில் சேர்த்து ஏசியது நியாயமில்லை. அவர் சொன்ன நல்லது அந்தச் சத்தத்தில் அமுங்கிப் போனதுதான் மிச்சம்.

நிஜக் காடு எப்படி ஆளை விழுங்கும் என்பதற்கு நமக்கு வெளியூர் உதாரணம் தேவையில்லை. 2022 பிப்ரவரியில் மலம்புழை சேராட்டு மலையில் கூட்டாளிகளோடு ஏறிய இளைஞர் வழுக்கி விழுந்து பாறைப் பிளவில் சிக்கினார். சோறு தண்ணீர் இல்லாமல் 2 ராத்திரி இருந்து, 9ஆம் தேதி ராணுவம் வந்து தூக்கியது. 2018 மார்ச் 11 அன்று, இடுக்கி எல்லையை ஒட்டிய குரங்கணி மலையில், மலையேறப் போனவர்களைக் காட்டுத்தீ சூழ்ந்து 23 உயிர்கள் போயின. இங்கெல்லாம் முகமூடிக்காரன் யாரும் இல்லை. வழுக்குப் பாறை, காய்ந்த போதைப்புல், காற்று.

சிலப்பதிகாரத்தை இந்தக் கண்ணோடு ஒருதரம் படித்துப் பாருங்கள். கோவலன், கண்ணகி, கவுந்தியடிகள் மூவரும் மதுரைக்கு நடக்கிறார்கள். புறப்படும்போதே கவுந்தியடிகள் வழியின் கஷ்டங்களைச் சொல்கிறார். அவர் சமணத் துறவியாகையால் கவலையும் வேறு மாதிரி: கழனி வரப்பில் நண்டும் நத்தையும் காலில் மிதிபட்டுவிடுமே, அந்தத் துன்பம் தாங்காதே என்கிறார். நமக்கு என்ன ஆகும் என்பது ஒரு பயம். நம் காலால் என்ன ஆகும் என்பது இன்னொரு பயம். இரண்டாவது பயத்தை வைத்து இதுவரை யாரும் படம் எடுத்ததாகத் தெரியவில்லை.

காடுகாண் காதையில் குகையும் உண்டு. மாங்காட்டு மறையோன், திருமால்குன்றத்துக் குகைக்குள் 3 பொய்கைகள் இருக்கின்றன, மூழ்கினால் இன்னின்ன வரம் கிடைக்கும் என்று ஆசை காட்டுகிறான். அது எங்களுக்குத் தேவையில்லை என்று கவுந்தியடிகள் சொல்லி நடையைக் கட்டுகிறார். மஞ்ஞும்மல் பையன்களோடு அப்படி ஒருவர் போகவில்லை! அப்புறம் நீர்நிலையில் கானுறை தெய்வம் மாதவியின் தோழி வயந்தமாலை உருவில் வந்து கோவலனை மயக்கப் பார்க்கிறது. மந்திரம் சொன்னதும் விலகுகிறது. அதற்கடுத்து எயினர் ஊர். வழிப்பறியே தொழிலானவர்கள், கையில் வில். இன்றைய சினிமாக்காரர் என்றால் கதையை அங்கேயே முடித்திருப்பார். இளங்கோவடிகளோ, அந்த வேட்டுவர் கோயிலில் சாலினி ஆவேசித்து நின்று கண்ணகியைப் புகழ்வதாகப் பாடுகிறார். ஒரு கீறல் இல்லாமல் மூவரும் காட்டைக் கடக்கிறார்கள். கோவலன் செத்தது மதுரையில், ஒரு பொற்கொல்லனின் பொய்யால், விசாரிக்காத அரசன் வாக்கால்.

நம் ஜில்லாவிலேயே நடந்ததைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கட்டுரை பூர்த்தியாகாது. 2018 பிப்ரவரி 22. அட்டப்பாடியில் காட்டுக் குகையில் தனியாக இருந்த, மனநலம் சரியில்லாத ஆதிவாசி இளைஞரை, கடையில் அரிசி திருடினார் என்று சொல்லி, ஒரு கூட்டம் காட்டுக்குள் தேடிப் போய்ப் பிடித்தது. கையைக் கட்டி, அடித்து, முக்காலி வரை நடத்திக்கொண்டு வந்தார்கள். போலீஸ் வண்டியில் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் உயிர் போய்விட்டது. கட்டுண்டு நின்றவரைப் பக்கத்தில் வைத்து ஒருவன் செல்பி எடுத்தான். 2023 ஏப்ரலில் மண்ணார்க்காடு தனி நீதிமன்றம் 13 பேருக்கு 7 வருஷக் கடுங்காவல் விதித்தது.

ஒரு கூட்டம் காட்டுக்குள் போகிறது. அங்கே தனியே ஒருவன் இருக்கிறான். படத்தில் வரும் அதே அமைப்புதான். துரத்தியது யார், ஓட வழியில்லாமல் நின்றது யார் என்பது மட்டும் மாறியிருக்கிறது. பல வருஷமாக இந்தப் படங்களைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, குகையில் தாடியோடு இருக்கிற ஆளைக் கண்டதும் முதலில் தோன்றுவது பசியா, பயமா? சினிமாதான் கொன்றது என்று நான் சொல்லவரவில்லை. கூலிக்கும் குடியிருப்புக்கும் நாமே வெளியூர் ஆள் என்று ஒதுக்கப்பட்ட அனுபவம் நம் குடும்பங்களுக்கு உண்டு. ஆகவே இந்தக் கேள்வி மற்றவரைவிட நமக்குக் கொஞ்சம் கிட்டத்தில் இருக்கிறது.

லிஜோ ஜோஸ் பெல்லிசேரியின் 'சுருளி' (2021) பற்றியும் சொல்லலாம். குற்றவாளியைப் பிடிக்க இடுக்கிக் காட்டுக்குள் மாறுவேடத்தில் போகும் போலீஸ்காரர் இருவர், தேடுவதும் தேடப்படுவதும் யார் என்று தெரியாமல் சுற்றும் கதை. ஆழமான படந்தான். ஆனால் பாலத்தைத் தாண்டியதும் பேச்சு முழுக்கக் கெட்ட வார்த்தை. வீட்டில் குடும்பத்தோடு உட்கார்ந்து பார்க்க முடியாது. ஆகவே ஆண்டு விழாவில் பிள்ளைகளுக்குப் படம் போடுவதாகக் கமிட்டியார் யோசித்தால் 'பேராண்மை'யைப் போடலாம். படம் முடிந்ததும் யாராவது ஒருவர் மேடையேறி, காடுகாண் காதையை ஒரு அரைமணி நேரம் கதையாகச் சொன்னால் போதும்.