தார் மேல் காசு, மண் மேல் கோப்பை

கோலார் என்றால் தங்கம். விட்டால் யாஷ் நடித்த ‘கே.ஜி.எஃப்.’ படம். பைக் பந்தயக்காரர்களிடம் கேட்டால் மூன்றாவதாக ஒன்று சொல்வார்கள்: பிக்ராக். டக்கார் ராலியை ஓட்டி முடித்த முதல் இந்தியரான பெங்களூர் சி.எஸ்.சந்தோஷ் கோலார் மாவட்டத்தில் அமைத்த மண் தடம். 2015-ல் அவர் பிடித்தது 36-வது இடம்.

இரண்டு வாரம் மணலிலும் பாறையிலும் ஓட்டவேண்டிய டக்காருக்குத் தார் டிராக்கில் பழகி ஒன்றும் ஆகாது. மண்ணில் முதல் பாடமே சீட்டை மறப்பதுதான். ஃபுட்ரெஸ்டில் எழுந்து நின்று, முழங்கையை விரித்து, முன் சக்கரத்தைப் பார்க்காமல் தூரத்தைப் பார்க்கவேண்டும். மணல் வந்ததும் பயத்தில் ஆக்சிலரேட்டரை விட்டால் முன் சக்கரம் புதைந்து ஆள் கீழே. அங்கேதான் முறுக்கவேண்டும். உடம்பு இதற்குச் சுலபத்தில் சம்மதிக்காது. விழுந்து விழுந்துதான் பழகும். பாறையும் செம்மண்ணுமான கோலார் நிலம் இதற்குத் தோதானது.

இனி கணக்குக்கு வருவோம். 2011-ல் நொய்டா பக்கம் புத் சர்க்யூட் வந்தது. ஃபார்முலா ஒன் மூன்றே வருடம். மூன்றிலும் வெட்டல் ஜெயித்தார், பிறகு கடை சாத்தியாயிற்று. 2023-ல் மோட்டோ ஜிபி ஒரே ஒருமுறை எட்டிப் பார்த்தது. ஃபார்முலா ஒன்னில் நம் சிறந்த முடிவு, 2005-ல் அமெரிக்காவில் நரேன் கார்த்திகேயனின் நான்காம் இடம். அன்று ஓடியதே ஆறு கார்கள்தான் என்பதை அவருடைய ரசிகர்களும் மறுக்கமாட்டார்கள்.

மண்ணில் கதை வேறு. 2019-ல் பெங்களூர் ஐஸ்வர்யா பிஸ்ஸே, எஃப்ஐஎம் பாஹா உலகக் கோப்பையின் பெண்கள் பிரிவை வென்றார். 2024 டக்காரில் ஷொரணூர் ஹரித் நோவா ராலி 2 பிரிவில் முதலிடம், ஒட்டுமொத்தத்தில் 11-வது. பணமும் விளக்கு வெளிச்சமும் தாருக்கு, கோப்பை மண்ணுக்கு. அதே 2024-ல் சென்னை தீவுத்திடலைச் சுற்றி இரவுப் பந்தயம் நடந்ததை நான் குறை சொல்லவில்லை, நானும் ரசித்தவன்தான். ஆனால் அது காட்சி. ஓட்டுநரை உருவாக்குவது வேறு வேலை.

கோலார் தங்கவயலான கே.ஜி.எஃப்.பின் தமிழ் இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை. 2001 பிப்ரவரி 28-ல் சுரங்கம் மூடியபிறகும் ஊரைச் சுற்றி நிற்கும் சயனைடு மேடுகளைப் பார்த்தால், பைக் வைத்திருக்கிறவன் கை துறுதுறுக்கும். அசல் பாலைவன மணல்மேடு மாதிரியே இருக்கும். அது தங்கம் பிரித்தெடுத்தபின் கொட்டிய ரசாயனக் கழிவு. காற்றடித்தால் அந்தத் தூளைச் சுவாசிக்கும் குடியிருப்புகள் பக்கத்திலேயே இருக்கின்றன. அங்கே சக்கரத்தைச் சுழற்றிக் கிளப்பிவிடுவது சாகசம் ஆகாது.

பயிற்சி பெற்றவர்களுக்கே இந்த விளையாட்டு இரக்கம் காட்டுவதில்லை. 2021 ஜனவரி 6-ல் டக்காரில் ரியாத் நோக்கிய நான்காம் கட்டத்தில் சந்தோஷே விழுந்து, தலையில் அடிபட்டு, மருத்துவர்கள் அவரைச் செயற்கை மயக்கத்தில் வைக்கவேண்டி வந்தது. ஹெல்மெட், மார்புக் கவசம், முழங்கால் காப்பு, தடத்தோரம் ஆம்புலன்ஸ் என எல்லாம் இருக்கும் இடத்தில் விழுந்து பழகுங்கள். அடுத்த சர்க்யூட்டுக்கு நிதி ஒதுக்கப்போகும் அரசுகளும் கம்பெனிகளும் மாவட்டத்துக்கு ஒரு மண் தடத்துக்கும் கொஞ்சம் எடுத்து வையுங்கள்.