திருவுருவங்களின் உடைமைவழி: ஓர் அளவை ஆராய்ச்சி

ஒரு பொருளின் உண்மையைத் துணிதற்குக் காண்டல், கருதல், உரை என்னும் மூன்று அளவைகளே போதியன. ஏனைய அளவைகள் பலவாக எண்ணப்படினும் அவை இம்மூன்றனுள் அடங்கும் என்பது சிவஞானசித்தியார் கொண்ட துணிபு. இவ்வளவைகள் முப்பொருளாராய்ச்சிக்கே உரியன, உலகியல் வழக்குகளுக்கு உதவா எனக் கருதுவாரும் உளர். அக்கருத்துப் பொருந்தாது என்பதற்கு, மேனாட்டுக் காட்சிச்சாலைகளில் இக்காலத்து நிகழும் உடைமைவழி ஆராய்ச்சி தக்க சான்றாகும்.

உடைமைவழி என்பது, ஒரு பொருள் தன் முதலிடத்தை விட்டு நீங்கியது முதல் காட்சிச்சாலையை அடையுங்காறும் எவரெவர் கையில், எவ்வாயிலாக, எவ்வாண்டில் இருந்தது என்னும் தொடர்ச்சியாம். சுவடி ஆராய்வார், இவ்வேடு எவர் இல்லத்திலிருந்து வந்தது, எம்மூலத்தைப் பார்த்துப் படியெடுக்கப்பட்டது என வினாவுதல் போல்வது இது. சோழர் காலத்துத் திருவுருவங்கள் பல கடல் கடந்து சென்றமையின், இவ்வாராய்ச்சியின் நிறைகுறைகளை அறிதல் சைவ மக்களுக்குக் கடனாம்.

முதற்கண் உரையளவையை எடுத்துக்கொள்வாம். அரியலூர் மாவட்டத்து ஸ்ரீபுரந்தான் பிரகதீசுவரர் திருக்கோயிலின் நடராசத் திருவுருவம் 2006ஆம் ஆண்டளவிற் களவு போயிற்று. 2008இல், கான்பெராவிலுள்ள ஆஸ்திரேலிய தேசியக் காட்சிச்சாலை அதனை நியூயார்க்கு நகர வணிகர் சுபாஷ் கபூரிடம் 50 லட்சம் அமெரிக்க டாலருக்கு வாங்கிற்று. அத்திருவுருவம் 1970ஐ ஒட்டிய ஆண்டுகளிலேயே இந்தியாவை விட்டு நீங்கியதெனக் கூறும் தாள்கள் அதனொடு வந்தன. அவ்வாண்டைக் குறித்தது தற்செயலன்று. கலைப்பொருட் களவைத் தடுக்கும் யுனெஸ்கோ உடன்படிக்கை தோன்றியது 1970இல். இந்தியாவின் தொல்பொருட் சட்டம் இயற்றப்பெற்றது 1972இல். ஆதலின், பொய்த்தாள் புனைவோர்க்கு அக்காலத்தை ஒட்டியதொரு தேதி வேண்டுவதாயிற்று.

உரை அளவையாவது ஆப்தன் வாக்கு. ஆப்தனாவான் பொருளை உள்ளவாறறிந்து, விருப்பு வெறுப்பின்றி, அறிந்தவாறே கூறுவோன். விற்றலால் ஊதியம் பெறுவோன் தான் விற்கும் பொருளைப் பற்றிக் கூறும் கூற்று ஆப்தவாக்கியம் ஆமாறு யாங்ஙனம்? அவன் காட்டிய தாள்கள் பல என்பீரேல், ஒருவன் கையினின்றே வந்த பல தாள்கள் பல சான்றாகா. பிழைபட்ட ஓரேட்டைப் பார்த்தெழுதிய பத்துப் படிகள் பத்துச் சாட்சியாகாமை போல. கபூர் 2011இல் ஜெர்மனியிற் பிடிபட்டு, 2012இல் இந்தியாவுக்குக் கொணரப்பட்டார். சிலைக்களவு வழக்கொன்றில் கும்பகோணம் நீதிமன்றம் 2022இல் அவருக்குப் பத்தாண்டுச் சிறைத்தண்டனை விதித்தது.

இனி, காட்சிச்சாலைகள் பெரிதும் நம்பும் மற்றொன்று உண்டு. களவுபோன பொருள்களின் பட்டியலைத் தேடி, அதன்கண் இப்பொருள் இல்லை, ஆதலின் இது களவுப்பொருளன்று எனத் துணிதல் அது. இஃது அபாவத்தை அளவையாகக் கொள்ளுதலாம். காணாமை இன்மைக்கு அளவையாதல், பொருள் உளதாயின் அவ்விடத்துக் காணப்பட்டே தீரும் என்னும் நியதி உள்ளவழியே. வெளிச்சம் உள்ள அறையிற் குடத்தைக் காணாதவன் குடம் இல்லை எனலாம். இருளறையில் நின்று காணாதவன் அவ்வாறு கூறுதல் பேதைமை. ஸ்ரீபுரந்தான் கோயில் நெடுநாள் பூட்டிக் கிடந்தது. உள்ளே நிகழ்ந்த களவு வெளிப்பட்டது 2008இல், விற்பனை முடிந்த பின்னரே. ஊராரும் அறியாத களவு பட்டியலில் ஏறியிருத்தல் எவ்வாறு கூடும்? ஆகவே அப்பட்டியலைத் தேடிய தேட்டம் இருளறைத் தேட்டமே என்க.

காண்டலளவையே இவ்வழக்கைத் தீர்த்தது. புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு ஆராய்ச்சி நிறுவனத்தார் தமிழகத்துக் கோயில்தோறுஞ் சென்று திருவுருவங்களை நிழற்படம் எடுத்து வைத்துள்ளனர். 1994இல் எடுத்த படத்தில் இந்நடராசர் ஸ்ரீபுரந்தானிலேயே எழுந்தருளியிருந்தார். 1970ஐ ஒட்டி நாட்டை விட்டு நீங்கியது 1994இல் கோயிலில் இருத்தல் கூடாமையின், தாள்கள் பொய்யாயின. சிட்னியிலுள்ள காட்சிச்சாலை 2004இல் இவ்வணிகரிடமே வாங்கிய அர்த்தநாரீசுவரர் கற்றிருவுருவமும், 1974இல் எடுத்த படத்தால் விருத்தாசலம் விருத்தகிரீசுவரர் கோயிலுக்குரியது எனத் தெளியப்பட்டது. இரண்டும் 2014 செப்டம்பரில் இந்தியாவுக்குத் திருப்பி அளிக்கப்பெற்றன. ஆய்வு நோக்கம் ஒன்றே கொண்டு எடுக்கப்பட்ட படங்கள், எவர் ஊதியத்தையும் சாராமையால், சான்றாந் தன்மையிற் சிறந்து நின்றன.

அற்றேல், நிழற்படம் இல்லாதவழி உண்மை துணிதல் இயலாதோ எனின், கருதலளவை உண்டு என விடுக்க. 1976இல் பத்தூரில் மண்ணினின்றும் வெளிப்பட்ட நடராசத் திருவுருவத்துக்குப் படம் யாதுமில்லை. அது பொய்யான உடைமைவழியோடு இலண்டனில் விலைபோய், 1982இல் ஆங்குப் போலீசாராற் கைப்பற்றப்பட்டது. அவ்விடத்திற் பின்னர்க் கிடைத்த ஏனைய திருவுருவங்களோடு இதனை ஒப்புநோக்கியும், அதிற் படிந்த மண் முதலியவற்றை ஆராய்ந்தும், இது பத்தூர் விசுவநாதசுவாமி கோயிலுக்குரியது எனத் துணியப்பட்டது. புகை கண்டு தீயை உணர்வது போன்ற அநுமானம் இது. 1991இல் இலண்டன் மேன்முறையீட்டு மன்றம் அக்கோயிலே வழக்காடும் உரிமையுடையதென ஏற்றது. அவ்வாண்டே திருவுருவம் நாடு திரும்பிற்று. நல்லெண்ணத்தோடு பொருள் கொடுத்து வாங்கினேம் என்பார் கூற்றுக்கும் இவ்வழக்கிலேயே விடை உண்டு. நல்லெண்ணம் வாங்கினவன்மேற் பழியை நீக்கலாம். விற்றவனுக்கு இல்லாத உரிமையை வாங்கினவனுக்கு உண்டாக்க மாட்டாது.

இத்துணையும் காட்சிச்சாலையார்பாற் காணும் குறை. கோயிலுக்கு உரியோர்பாலும் குறை உண்டென்பதை மறைத்தல் நடுநிலையாகாது. கும்பகோணத்தை அடுத்த சிவபுரத்தில் 1951இல் கிடைத்த நடராசர், செப்பனிடக் கொடுத்தவிடத்துக் களவாடப்பட, போலியுருவம் ஒன்றே கோயிலுக்குத் திரும்பி வந்தது. பல்லாண்டு கண்டோரும் அதனை அறிந்திலர். 1965இல் வெளிவந்த நூலிலே டக்ளஸ் பாரெட் என்னும் ஆங்கில அறிஞர், கோயிலில் உள்ளது புதிது என்று எழுதிய பின்னரே உண்மை வெளிப்பட்டது. மூலவுருவத்தை 1973இல் அமெரிக்கச் செல்வர் நார்ட்டன் சைமனின் நிறுவனம் 9 லட்சம் டாலருக்கு வாங்கிற்று. வழக்கின்பின் உண்டாகிய உடன்பாட்டின்படி 1986இல் அது திரும்பிற்று. நாடோறும் கண்டும் அறியாமை திரிபுக்காட்சியின்பாற்படும். காண்டல் அளவையாவது ஐயந் திரிபு நீங்கியவழியே என்பதை இது காட்டும்.

அற்றேல், அவ்வாண்டுகளிற் சிவபுரத்தார் செய்த வழிபாடு பயனின்றாயிற்றோ எனின், ஆகாது. இறைவன் ஓர் உலோகத்துட் கட்டுண்டு நிற்போன் அல்லன்; அன்பர் வழிபடும் உருவை இடமாகக் கொண்டு அருள்வோன். அருள் குறைந்திலது எனின், மூலவுருவம் எங்கிருப்பின் என்னை எனின், அதுவும் பொருந்தாது. அருள் இறைவனது, உருவம் கோயிலாரிடம் அடைக்கலமாக வைக்கப்பட்டது. அடைக்கலப்பொருளை இழந்தோன் உடையவனது பெருங்கருணையைக் காட்டித் தன் குற்றத்தை மறைத்தல் அடாது.

ஆராய்ச்சியை நேர்மையாகச் செய்யுமிடத்து அது காட்சிச்சாலைக்கும் பெருமையே தரும். ஆக்ஸ்போர்டு நகரத்து ஆஷ்மோலியன் காட்சிச்சாலை 1967இல் ஏலத்தில் வாங்கிய திருமங்கையாழ்வார் திருவுருவம், 1957இல் கும்பகோணத்தை அடுத்த சௌந்தரராசப் பெருமாள் கோயிலில் நிழற்படம் எடுக்கப்பட்டதென்று ஆய்வாளர் ஒருவர் 2019இல் உணர்த்தினர். அக்காட்சிச்சாலையார் அதனை மறையாது, தாமே இந்தியத் தூதரகத்துக்கு அறிவித்தனர். பல்கலைக்கழகப் பேரவை 2024இல் அதனைத் திருப்பி அளிக்க இசைந்தது.

ஆகவே இவ்வாராய்ச்சியில் மெய்ப்பிக்கும் கடமை, களவுபோயிற்று என்பார்மேலதன்று. நேர்வழி வந்தது என்பார்மேலதே. அதற்கு அவர் காட்டும் சான்று, விற்றவன் கூற்றைச் சாராத காண்டலாகவோ கருதலாகவோ இருத்தல் வேண்டும். கோயிலாருக்கு உரிய கடமை ஒன்று எஞ்சி நிற்கின்றது. ஒவ்வொரு திருவுருவத்தையும் முன்னும் பின்னும் நிழற்படம் எடுத்து, உயரம், எடை, வடு முதலியவற்றைக் குறித்து, அக்குறிப்பைக் கோயிலில் ஒன்றும் வேறிடத்தில் ஒன்றுமாக வைத்து, ஆண்டுதோறும் ஒப்புநோக்குதல் வேண்டும். செப்பனிட வெளியே சென்ற திருவுருவம் மீளும்போது அக்குறிப்போடு ஒத்த பின்னரே உள்ளே கொள்ளற்பாலது. சிவபுரத்தில் இவ்வொன்று செய்யப்பட்டிருப்பின், போலி வாயிலிலேயே வெளிப்பட்டிருக்கும்.