அம்மா மறந்த பிள்ளை

கிள்ளானிலிருந்து கேஎல் சென்ட்ரல் போகும் கொமுட்டரில்தான் நட்சுகி தகாயாவின் ‘ஃப்ரூட்ஸ் பாஸ்கெட்’ 23 பாகங்களையும் படித்து முடித்தேன். 1998 முதல் 2006 வரை ஜப்பானில் தொடராக வந்த மங்கா. எதிர்பாலினத்தவர் அணைத்தால் விலங்காக மாறும் சாபம் சோமா குடும்பத்தில் சிலருக்கு. அதுதான் அந்த வீட்டு ரகசியம்.

எல்லாரும் யூகி, கியோ பற்றியே பேசுறாங்க. எனக்கு மொமிஜிதான். பெற்றவள் அணைத்ததும் முயலாகிவிட்ட குழந்தை. தாங்க முடியாத அம்மா, தன் நினைவை அழிக்கச் சம்மதிக்கிறாள். இப்போ அவளுக்கு அவன் யாரோ வீட்டுப் பையன். பின்னால் தோருவை நேசிக்கிறான். அவள் மனம் கியோவிடம். அங்கேயும் சிரித்துக்கொண்டே ஒதுங்குகிறான். பிரியமானவர் பக்கத்தில் யாரோவாக நிற்பது: ரகசியமும் ஒருதலைக் காதலும் தகாயாவுக்கு ஒரே வலிதான்.

குறை உண்டு. கடைசியில் அவசர அவசரமா ஜோடி சேர்க்கிறார். ஆனால் மொமிஜியின் அம்மாவுக்கு நினைவைத் திருப்பித் தரவில்லை. அந்த நேர்மைக்காகவே மன்னிக்கலாம்.

எங்க வீட்டு ஆல்பத்துல ஒரு முகத்தைக் கத்தரிச்சு எடுத்திருக்கு. யாருன்னு கேட்டா பாட்டி பக்கத்தைப் புரட்டிடுவாங்க. மொமிஜியைப் படிச்ச பிறகு, பிரிக்ஃபீல்ட்ஸ்ல ஏதாவது கல்யாணத்துல அவரும் எங்களுக்கு வணக்கம் சொல்லிட்டு, யாரோ மாதிரி போயிருப்பாரோன்னு தோணுது.