யாழ் நூலும் எண்ணின் அடித்தளமும்

காரைதீவு எமது நற்பிட்டிமுனைக்குத் தெற்கே சில கல் தொலைவிலுள்ள ஊர். 1892இல் அங்கே மயில்வாகனமாகப் பிறந்து, பின்னர் சுவாமி விபுலாநந்தராக அறியப்பட்டவரின் பெயரை இக்கரையோரத்தில் அறியாதார் இல்லை. ஆண்டுதோறும் விழா எடுக்கிறோம். பேச்சுப் போட்டி வைக்கிறோம். ஆனால் 1947இல் கரந்தைத் தமிழ்ச் சங்கம் வெளியிட்ட 'யாழ் நூல்' பற்றி மேடையில் முழங்குவோருள், அதன் இசை நரம்பியலிலுள்ள கணக்குகளைத் தாளும் பென்சிலுமாக அமர்ந்து சரிபார்த்தவர் எத்தனைபேர்? போற்றுவது எளிது, கணக்குப் பார்ப்பது கடினம். அவரோ தமிழ்ப் பண்டிதராக இருந்ததோடு விஞ்ஞானம் கற்றவர், கற்பித்தவர். கணக்கை விட்டுவிட்டு அவரைப் புகழ்வது அவரைப் பாதியாக்குவதாகும்.

அந்நூல் எதிர்கொண்ட சிக்கல் பழையது. குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்னும் ஏழு நரம்புகளுக்கும் முறையே 4, 4, 3, 2, 4, 3, 2 அலகுகள் என்பது மரபு, கூட்டினால் 22. இந்த 22 எங்கிருந்து வந்தது? அலகு என்பது எவ்வளவு? பழந்தமிழ் மரபு இன்னொரு செய்தியும் தருகிறது. தாரத்தில் உழை பிறக்கும், உழையில் குரல், குரலில் இளி, இளியில் துத்தம், துத்தத்தில் விளரி, விளரியில் கைக்கிளை. ஒவ்வொரு பிறப்பும் ஒரே உறவுதான்: தந்தியை மூன்று பங்காக்கி இரண்டு பங்கை மீட்டினால் எழும் ஒலி. தந்தியைச் சரிபாதியாக்கினால் அதே சுரம் ஒரு தானம் உயர்ந்து ஒலிக்கும். ஆக, இரண்டும் மூன்றுமாகிய இரண்டே எண்கள். இவற்றிலிருந்து இசையுலகம் முழுவதையும் கட்டியெழுப்ப முடியுமா என்பதே வினா.

விபுலாநந்தருக்கு முன் இவ்வினாவில் இறங்கியவர் தஞ்சை ஆபிரகாம் பண்டிதர். 1917இல் வெளிவந்த 'கருணாமிர்த சாகர'த்தில் அவர் 22ஐ ஏற்க மறுத்தார். அலகுகள் 24, அவை அனைத்தும் சமம், விளரியிலும் கைக்கிளையிலும் ஒவ்வோர் அலகு குறைத்துப் பாடியதனாலேயே 22 என்ற கணக்குத் தோன்றிற்று என்பது அவர் துணிபு. விபுலாநந்தரோ 22ஐ வைத்துக்கொண்டு, இயற்கையான பின்ன விகிதங்களால் அவ்வலகுகளைக் கணித்தார். ஒருவர் சமபங்கு என்கிறார். மற்றவர் விகிதம் என்கிறார். இருவருள் யார் சரி என்று கேட்பதே எமது தமிழிசை விவாதங்களின் வழக்கம். கேள்வியே பிழை என்பது என் எண்ணம்.

காரணம் சொல்கிறேன். இளி உறவில் 12 முறை ஏறினால் ஏறத்தாழ ஏழு தானம் கடந்து தொடங்கிய சுரத்துக்கே வந்து சேர்வதுபோலக் காதுக்குத் தோன்றும். உண்மையில் சேர்வதில்லை. சேரவேண்டுமாயின் 3ஐ 12 முறை பெருக்கிய எண்ணும் 2ஐ 19 முறை பெருக்கிய எண்ணும் ஒன்றாதல் வேண்டும். முன்னது 5,31,441, பின்னது 5,24,288. பன்னிரண்டை விட்டு நூறு முறை, ஆயிரம் முறை ஏறினாலும் பயனில்லை. மூன்றை எத்தனை முறை பெருக்கினும் ஒற்றை எண்ணே வரும். இரண்டைப் பெருக்கினால் இரட்டை எண். ஒற்றை ஒருநாளும் இரட்டையாகாது. நிறுவல் இவ்வளவே. ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கும் விளங்கும். எந்த அரசவையும் எந்த ஆகமமும் எந்தப் பெரும்பாணரின் விரலும் இதை மாற்ற இயலாது.

ஆகவே வட்டம் மூடவேண்டும் என்று கொண்டால் தூய விகிதத்தைக் கைவிட வேண்டும். தூய விகிதம் வேண்டுமென்றால் வட்டம் மூடாது. பண்டிதர் முதலாவதைத் தேர்ந்தார், விபுலாநந்தர் இரண்டாவதை. இது உண்மைக்கும் பொய்க்கும் இடையிலான பிணக்கன்று, இரண்டு எடுகோள்களுக்கு இடையிலான பிணக்கு. இணைகோடுகள் பற்றிய யூக்கிளிட்டின் எடுகோளை மாற்றிப் பார்த்த லொபசெவ்ஸ்கியும் பொல்யாயும் 19ஆம் நூற்றாண்டில் வேறொரு கேத்திரகணிதத்தைக் கண்டபோது கற்றோருலகம் படித்த பாடமும் இதுவே. எடுகோளை வெளிப்படையாக எழுதி வைத்துவிட்டுப் பேசு என்று 1899இல் ஹில்பேர்ட் தம் கேத்திரகணித நூலால் செய்துகாட்டினார்.

இந்த அளவுகோலால் பார்க்கும்போது இரு நூல்களிலும் ஒரே குறை தென்படுகிறது. இருவரும் தாம் தேர்ந்த எடுகோளைத் தமது தேர்வாக முன்வைக்கவில்லை. சிலப்பதிகாரத்தின் உட்கிடை அதுவே என்று நிலைநாட்ட முயல்கின்றனர். பழம்பாடலே வெளிப்படையுண்மையாகிறது, கணிதம் அதற்குச் சான்று சொல்ல வந்த சாட்சியாகிறது. பண்டிதரின் 24ஐச் சிறிது சோதிப்போம். அவர் கணக்கில் குரலுக்கும் இளிக்கும் இடையே 14 அலகு. பதினான்கு பதினான்காகத் தாண்டி, 24ஐ மிஞ்சும்போதெல்லாம் 24ஐக் கழித்தால், எந்நாளும் இரட்டை எண்ணுள்ள இடங்களையே மிதிப்போம். 12 இடங்களோடு வட்டம் முடிந்துவிடும். எஞ்சிய 12 அலகுகளும் அம்மரபு வழியால் எட்டாதவை! அவற்றை வேறு நியாயத்தால்தான் கொண்டுவர வேண்டும். 22இல் இளி 13ஆம் அலகு; பதின்மூன்றாகத் தாண்டினால் 22 இடங்களும் தொடப்படும். ஆனால் அலகுகள் சமமெனக் கொண்டால் அங்கே இளியின் விகிதம் ஏறத்தாழ 1.506, வேண்டுவது 1.5. பண்டிதர் முறையில் 1.498. காதுக்கு நெருக்கமானது பண்டிதருடையதே. விபுலாநந்தர் அலகுகளைச் சமமெனக் கொள்ளாததால் இந்த வழுவுக்கு இரையாகவில்லை; அதற்கு விலையாக, அலகு என்பது ஒரே அளவாக இருக்கும் எளிமையை இழந்தார். எனக்கு விபுலாநந்தரின் வழியே உவப்பு. எனினும் 'உவப்பு' என்ற சொல்லையே இங்கு எழுத முடிகிறது. 'நிரூபணம்' என்று எழுத முடியவில்லை.

எம்மவர் சிலருக்கும் ஒரு சொல். கணிதம் முழுவதும் சமுதாயத்தின் படைப்பு, வர்க்க நலன்களின் சாயல் என்று முற்போக்கு வட்டங்களில் சில வேளை கேட்கிறோம். மார்க்சியரான டேர்க் ஸ்ட்ரூய்க் 1942இலேயே கணிதத்தின் சமூகவியலைப் பற்றி எழுதியவர். எந்தச் சமுதாயம் எந்த வினாவை எழுப்புகிறது என்று தேடுவது நேர்மையான ஆய்வு. நெல் அளக்கும் களத்தில் 'ஒன்று' என்னாது 'லாபம்' என்று எண்ணத் தொடங்கும் உழவனின் வழக்கில் ஒரு வாழ்வின் அச்சமும் ஆசையும் உண்டு. அலகை 22 என்பதும் 24 என்பதும் மனிதர் செய்த தேர்வே. ஆனால் ஒற்றை இரட்டையாகாமை எந்த வர்க்கத்தின் தேர்வு? மறுபுறம், கணித மெய்ம்மை நமக்குப் புறத்தே இருக்கிறது, நாம் அதைக் கண்டு குறிப்பெடுப்பவரே என்று 1940இல் ஹார்டி எழுதினார். அந்தப் பளிங்கு மாளிகையில் யாழின் தந்திக்கோ காதுக்கோ இடமில்லை. ரஸ்ஸல் 1902இல் ஃபிரேகேக்கு எழுதிய கடிதத்தால் அம்மாளிகையின் அத்திவாரம் விரிசல் கண்டது. முரணற்ற எந்த விதித்தொகுதியும் எண்கணிதம் அனைத்தையும் தன்னுள் நிறுவிவிட முடியாது என்று 1931இல் கேடல் காட்டினார். அதைக் கொண்டு, எதுவும் உறுதியில்லை என்று ஆர்ப்பரிப்போரும் உளர். கேடல் காட்டியதே ஒரு நிறுவல் என்பதை அவர்கள் மறந்துவிடுகின்றனர்.

சென்ற தவணையில் எங்கள் வகுப்பில் ஒரு பலகையில் 90 சென்ரிமீற்றர் கம்பி கட்டினோம். மூன்றில் இரண்டு பங்கு, தேவையான போது இருமடங்கு, இவ்வாறு 12 படி சென்றபின் குறி 90இல் விழவில்லை; 88.8க்கு அருகில் விழுந்தது. அளவு பிழை என்று மாணவர் மீண்டும் அளந்தனர். அதே இடம். பின்னர் ஒற்றை இரட்டைக் கணக்கைக் கரும்பலகையில் எழுதினேன். சிறிது நேரம் வகுப்பு அமைதியாயிருந்தது. "அப்படியானால் இந்த ஒன்றேகால் சென்ரிமீற்றரை எங்கே போடுவது, சேர்?" என்று பின்வரிசையிலிருந்து ஒரு மாணவி கேட்டாள். எல்லாச் சுரத்துக்கும் பங்கிடலாம் என்றனர் சிலர்; ஒரே சுரத்தில் தள்ளிவிட்டு மற்றவற்றைத் தூய்மையாக வைக்கலாம் என்றனர் வேறு சிலர். மணி அடித்த பின்னரும் அவர்கள் அதையே பேசிக்கொண்டு வெளியேறினர்.