அமைச்சரின் துணிவும் மாநிலத்தின் உரிமையும்

வண்டலூரிலிருந்து தாம்பரம் கடந்து செல்வோர் ஏற்றுமதி மண்டலத்தின் வாயிலைக் காண்பர். 1984இல் எழுந்த அவ்வளாகம் நிற்பது நம் மண்ணில். அதனை ஆள்வதோ டில்லியின் வணிக அமைச்சகம்!

அவ்வமைச்சகத்தின் பொறுப்பை 1999 முதல் 2002 வரை ஏற்றிருந்தவர் முரசொலி மாறன். 2001 நவம்பரில் தோகாவில் உலக வணிக அமைப்பின் மாநாடு கூடிற்று. முதலீடு, போட்டிக் கொள்கை முதலியவற்றையும் பேச்சுவார்த்தைக்குள் திணிக்கச் செல்வ நாடுகள் முனைந்தன. வெளிப்படையான ஒருமித்த இசைவின்றி அவை தொடங்கலாகாது என உறுதியாய் நின்றார் மாறன். மாநாட்டுத் தலைவரும் அவ்வாறே விளக்கமளிக்க நேர்ந்தது. போற்றத்தக்க துணிவு!

ஆயின், போற்றுவதோடு நின்றுவிடுவதா பகுத்தறிவு? வேளாண்மை, மாநிலப் பட்டியலில். அயல்நாட்டு வணிகமோ ஒன்றியப் பட்டியலில். உழவனின் விளைபொருள் குறித்த ஒப்பந்தத்தில் ஒன்றியம் கையொப்பமிடும். அதனை நிறைவேற்ற, அரசியல் சட்டத்தின் 253ஆவது விதிப்படி, மாநிலத்துக்குரிய துறையிலும் நாடாளுமன்றம் சட்டம் இயற்றலாம். மாநிலத்தின் இசைவு? தேவையில்லையாம்!

1974இல் 'மாநில சுயாட்சி' நூலை எழுதியவரே அந்நாற்காலியில் அமர்ந்தபோதும் இந்நிலை மாறவில்லை. குறை அமர்ந்தவரிடம் மட்டுமன்று. நாற்காலியின் அமைப்பிலேயே உள்ளது. துணிவுள்ள அமைச்சர் வருவார், போவார். சட்டத்தில் பொறித்த உரிமையே நிலைக்கும். இளைஞர்களே, ஆளைப் போற்றுவதோடு அமையாது, அமைப்பை மாற்ற எழுவீர்!