கடைசி அடி

‘டோட்டா 2’ என்ற கணினி விளையாட்டின் தரவரிசை ஆட்டத்தில் இறங்குமுன் நல்ல ஆட்டக்காரர்கள் செய்யும் தனிப் பயிற்சி எனக்கு மிகவும் பிடிக்கும். ஈசூன் வீவக வீட்டில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, எதிராளியே இல்லாத தடத்தில் ‘லாஸ்ட் ஹிட்’ பழகும் பிள்ளையைப் பாருங்கள். எதிரிப் படையாளை வீழ்த்தும் கடைசி அடி யாருடையதோ, தங்கம் அவருக்கே. சற்று முந்தினாலும் பிந்தினாலும் கைநழுவிவிடும். வாய்ப்பாட்டுக்காரரின் அதிகாலைச் சாதகத்துக்கு உரிய பொறுமை இதற்கும் வேண்டும். அதன் பிறகே அணியின் ஐவரும் கூடி யாருக்கு எந்த நாயகன் என்று பேசுவார்கள். தரவரிசைக்குள் நுழையவே 100 மணிநேரம் ஆடியிருக்க வேண்டும், நியாயமான விதி. 2022 அக்டோபரில் இந்த விளையாட்டின் ‘தி இன்டர்நேஷனல்’ உலகப் போட்டி சிங்கப்பூரில் நடந்தது. தென்கிழக்காசியாவில் அதுவே முதல் முறை.