சொட்டு நீலம்

போன மாதம் ஒரு புகைப்படப் போட்டிக்கு நடுவராக வரச் சொன்னார்கள். "காமிராவைத் தொட்டு வருஷக்கணக்கில் ஆகிறதே" என்றேன். "பரவாயில்லை ஸார், மத்த ரெண்டு பேர் தொடறவங்கதான்" என்றார்கள். போனேன்.

தலைப்பு 'அலை'. எண்பது சொச்சம் படங்களில் பாதிக்கு மேல் ஒரே ஜாதி. காமிராவை ஸ்டாண்டில் நிறுத்தி, ஷட்டரை அரை செகண்டிலிருந்து அரை நிமிஷம் வரை திறந்து வைத்து, அலையை அதன் இஷ்டத்துக்கு ஓடவிட்டு எடுத்தவை. இவற்றில் தண்ணீர் தண்ணீராக இருக்காது. அரை செகண்டில் பட்டு நூல் மாதிரி, அரை நிமிஷத்தில் சாம்பிராணிப் புகை மாதிரி. இந்த ரகத்துக்கு நான் விரோதி இல்லை. சரியாக அமைந்தால் அலையின் முகத்தை மறைத்து, நடையைக் காட்டிவிடும்.

என் புகார் நிறத்தைப் பற்றி. கன்னியாகுமரியும் நீலம், தனுஷ்கோடியும் நீலம், மெரினாவும் அதே நீலம். நீச்சல்குளத்துக்கும் டூத்பேஸ்ட்டுக்கும் நடுவில் ஒரு நீலம். வேட்டிக்குச் சொட்டு நீலம் போடுவது போல வங்காள விரிகுடாவுக்கே யாரோ போட்டிருந்தார்கள்.

அதில் மிகவும் பளிச்சென்று இருந்த ஒன்றுக்கு மூன்று பேரும் அதிக மார்க் போட்டோம். முதல் பரிசு. நானும்தான் போட்டேன், ஒப்புக்கொண்டு விடுகிறேன்.

அப்போது டீ கொண்டு வந்தவர் அந்தப் படத்தின் முன் நின்றார். "இது எந்த ஊரு ஸார்?"

கீழே எழுதியிருந்ததைப் படித்தேன். 'பட்டினப்பாக்கம், சென்னை.'

"நான் பொறந்ததே அங்கதான்" என்றார். நம்பாமல் இன்னொரு தடவை பார்த்துவிட்டு, பக்கத்தில் யாரும் சீண்டாமல் மாட்டியிருந்த ஒரு படத்தைக் காட்டினார். டிகாஷன் கம்மியான காபி நிறத்தில் அலை. "இதான் ஸார் நம்ம கடல். மழை பேஞ்சு அடையாத்துத் தண்ணி வந்து வுழுந்தா ரெண்டு நாளைக்கு இப்படித்தான் இருக்கும்."

அந்த டீ ஆறும்வரை யோசித்தேன். சொந்த ஊர்க் கடலை ஒருவருக்கு அடையாளம் தெரியாமல் செய்த படத்துக்கு முதல் பரிசு கொடுத்திருக்கிறோம்.

எல்லோரும் ஏன் நீலத்தில் போய் விழுகிறார்கள்? காரணம் இருக்கிறது. காமிராவின் சென்ஸார், கூட்டல் மட்டும் தெரிந்த குமாஸ்தா. ஷட்டர் திறந்திருக்கும் நேரத்தில் ஒரே புள்ளியில் முதலில் பச்சைத் தண்ணீர், அப்புறம் வெள்ளை நுரை, அப்புறம் நுரை விலகித் தெரியும் பழுப்பு மணல் என்று என்ன வந்து விழுந்தாலும் எல்லாவற்றையும் கூட்டி ஒரே விடையாக எழுதிவிடும். பல வர்ணம் பூசிய பம்பரம் சுற்றும்போது வெளிறிப் போவதைப் பார்த்திருப்பீர்கள். அதே கதை. அலை இழுபட இழுபட நிறம் சாம்பலாகும். எடுத்தவர் வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரில் பார்த்தால் கஞ்சித் தண்ணீர் மாதிரி இருக்கும். மனசு கேட்காது. ஸாச்சுரேஷனை ஏற்றுவார். வண்டல் பழுப்பு உறுத்தும். ஹ்யூவை நகர்த்தி அதை நீலமாக்குவார். அதுவும் சிரமம் என்றால் ப்ரீஸெட் இருக்கிறது. வேறேதோ கடலுக்காக வேறு யாரோ தயாரித்தது. ஒரு க்ளிக்கில் பட்டினப்பாக்கம் மாலத்தீவாகிவிடும்.

'கலையில் இதெல்லாம் சகஜம்' என்பீர்கள். ஜப்பானிய ஹொகுசாய் 1831 வாக்கில் செய்த பிரசித்தமான அலையைச் சொல்வீர்கள். அதில் இருப்பது ஐரோப்பாவில் பிறந்த பிரஷ்யன் நீலம். பெர்லினில் யாரோ சிவப்புச் சாயம் செய்யப்போய்த் தற்செயலாகக் கிடைத்த நீலம் அது. அதை ஜப்பான் கடலுக்குப் பூசியது பொய்யா? இல்லை. மரத்தில் செதுக்கி அச்சடித்த படம் 'இந்த நாளில் இந்த இடத்தில் நான் இருந்தேன்' என்று சத்தியம் செய்வதில்லை. புகைப்படம் செய்கிறது. கீழே ஊர்ப் பெயர் போட்டால் நோட்டரி கையெழுத்தும் ஆயிற்று.

அதிலும் இழுபட்ட அலைக்குப் பொறுப்பு அதிகம். கூர்மையான படத்தில் நிறம் பொய் சொன்னாலும் அலையின் வளைவு, நுரையின் ஓரம், தூரத்துப் படகு எல்லாம் சாட்சிக்கு வரும். இங்கே உருவத்தை ஏற்கெனவே கரைத்துவிட்டோம். மிச்சமிருக்கும் ஒரே சாட்சி நிறம். அதையும் கலைத்தால் கேஸ் தள்ளுபடி.

அதற்காக எடிட்டிங்கே கூடாது என்று சொல்ல வரவில்லை. பகலில் ஷட்டரை அரை நிமிஷம் திறந்து வைக்க வேண்டுமானால் லென்ஸுக்குக் கறுப்புக் கண்ணாடி போட வேண்டும். பத்து ஸ்டாப் ஃபில்ட்டர் என்பார்கள். ஆயிரத்தில் ஒரு பங்கு வெளிச்சத்தைத்தான் உள்ளே விடும். இந்தக் கண்ணாடிகளில் பல தன் பங்குக்கு ஒரு நீலத்தையோ பழுப்பையோ பூசிவிடும். அது கடலின் நிறம் அல்ல, கண்ணாடியின் நிறம். ஃபில்ட்டர் இல்லாமல் ஒரு படம் எடுத்து வைத்துக்கொண்டு, அதற்குப் பொருந்துகிற மாதிரி ஒயிட் பேலன்ஸைத் திருத்துவது நியாயம். கூட்டலில் வெளிறிப்போன பச்சைக்குக் கொஞ்சம் உயிர் கொடுப்பதும் நியாயம். பழையதை மீட்பது வேறு, இல்லாததை ஒட்டுவது வேறு.

இந்த வித்தியாசத்தைப் புகைப்படக்கலையின் ஆரம்ப நாட்களிலேயே பார்க்கலாம். குஸ்தாவ் லெ கிரே என்ற பிரெஞ்சுக்காரர் 1857-ல் ஸேத் கடற்கரையில் ஒரு பெரிய அலையை எடுத்தார். அன்றைக்கு அலையை நிறுத்திப் பிடிப்பதே சாதனை. இன்றைக்கு அதை ஓடவிடுவது ஃபேஷன். அவருடைய தகடுகளுக்கு நீல ஒளி என்றால் அதீத ஆசை. கடல் சரியாகப் பதிவதற்குள் வானம் வெந்து வெள்ளையாகிவிடும். அதனால் கடலுக்கு ஒரு நெகட்டிவ், வானத்துக்கு ஒரு நெகட்டிவ் எடுத்துத் தொடுவானத்தில் ஒட்டினார். ஃபோட்டோஷாப்புக்கு நூற்றிமுப்பது வருஷம் முன்பே வெட்டி ஒட்டல்! ஆனால் அவர் ஒட்டியது எதற்காக? கண்ணுக்கு ஒரே சமயத்தில் தெரிந்த வானத்தையும் கடலையும் தகடு கொடுக்க மறுத்தது, அதை வாங்குவதற்காக. (அந்த அலையின் ஒரு பிரதி 1999-ல் லண்டன் ஏலத்தில் ஐந்து லட்சம் பவுண்டுக்கு மேல் போயிற்று. அலை நனைக்காத ஒரே பொருள் அதன் விலைதான்.)

இன்னொரு வழி, வண்ணத்தையே துறந்துவிடுவது. ஜப்பானியர் ஹிரோஷி சுகிமோட்டோ 1980-லிருந்து உலகத்தின் கடல்களை எடுத்தார். எல்லாம் கறுப்பு வெள்ளை. மேலே பாதி வானம், கீழே பாதி கடல், வேறு ஒன்றும் கிடையாது. சிலவற்றில் தண்ணீரும் வானமும் பனியில் கரைந்து கோடே தெரியாது. அதில் ஒன்றை யூ2 இசைக்குழு 2009-ல் ஆல்பத்தின் அட்டையில் போட்டது. பார்த்தவர்கள் சமுத்திரம் என்றே நினைத்திருப்பார்கள். அது சுவிட்சர்லாந்து ஓரத்திலிருந்து எடுத்த கான்ஸ்டன்ஸ் ஏரி. படம் ஊரைச் சொல்ல மறுக்கிறது, தலைப்பு சொல்லிவிடுகிறது. கறுப்பு வெள்ளை என்பது மௌனம். மௌனம் பொய்யாகாது. நிறத்தைக் காட்டப் பிடிக்கவில்லை என்றால் காட்டாமல் இருக்கலாமே, ஏன் மாற்ற வேண்டும்?

கடலுக்கென்று சொந்தமாக ஒரு நிறம் உண்டா என்ற கேள்வியை நம் திருச்சியில் பிறந்த ஒருவர் கேட்டார். 1921-ல் இங்கிலாந்திலிருந்து கப்பலில் திரும்பும்போது மத்தியதரைக் கடலின் நீலம் ஸி.வி.ராமனைத் தொந்தரவு செய்தது. அது வெறும் வானத்தின் பிரதிபலிப்பு என்று பெரிய விஞ்ஞானியான ராலே சொல்லியிருந்தார். ராமன் கையோடு கொண்டுபோயிருந்த நிகல் பிரிஸத்தைச் சரியான கோணத்தில் பிடித்து, மேற்பரப்பின் பிரதிபலிப்பை நீக்கிவிட்டுப் பார்த்தார். நீலம் போகவில்லை, இன்னும் அழுத்தமாகத் தெரிந்தது. தண்ணீரின் மூலக்கூறுகள் ஒளியைச் சிதறடிக்கின்றன என்றார். தண்ணீர் சிவப்பைக் கொஞ்சம் கொஞ்சமாக விழுங்கிவிடுவது முக்கியக் காரணம் என்பதும் இப்போது தெரியும். நம் விஷயத்துக்கு வேண்டியது, ராமன் செய்த அந்தச் சின்னக் காரியம். இன்றைக்குக் காமிராக் கடையில் கிடைக்கும் போலரைஸர் ஃபில்ட்டர் செய்வதும் அதையேதான். தண்ணீரின் மேல் கிடக்கும் வானத்தை விலக்கித் தண்ணீரைக் காட்டுகிறது. நிறம் மாறுகிறது, உண்மை கூடுகிறது. சரியான திருத்தத்துக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது.

அடுத்த தடவை இந்த மாதிரிப் படம் பார்த்தால் ஒரு சுலபமான சோதனை செய்து பாருங்கள். தண்ணீரை விடுங்கள், நுரையைப் பாருங்கள். நுரை எல்லா நிறத்தையும் சமமாகத் திருப்பி அனுப்பும். அதனால் அதன் மேல் விழும் வெளிச்சம் எதுவோ அதுதான் அதன் நிறம். விடியலில் ரோஜா நிறமாக இருக்கலாம், நிழலில் லேசான நீலமாக இருக்கலாம். உச்சி வெயிலில் நுரையும் சேர்ந்து நீலமாக இருந்தால் யாரோ கைவைத்திருக்கிறார்கள்.

நம் பரிசுப் படத்தில் நுரை நீலம். அந்தக் காபிப் படத்தில் நுரை, மேகமூட்டத்தின் கீழே இருக்க வேண்டிய மங்கல் வெள்ளை. எடுத்தவர் நுரையின் வெளிச்சத்தை மட்டும் கொஞ்சம் தூக்கி, தண்ணீரைத் தொடாமல் விட்டிருந்தார். பழுப்புக்கு நடுவே ஒரு பச்சை இழை, ஆற்று நீர் கடல் நீரைத் தொடும் இடத்தில், விரல் அகலத்துக்கு ஓடுகிறது. அதைக் கவனிக்க எனக்கு டீக்காரர் தேவைப்பட்டார்.

இவ்வளவு அலட்டல் எதற்கு, அழகாக இருந்தால் போதாதா? போதாது. கடலின் நிறம் செய்தி. பச்சை என்றால் தண்ணீரில் க்ளோரோஃபில், அதாவது கண்ணுக்குத் தெரியாத மிதவைத் தாவரங்கள். அதைத் தின்னச் சிறு மீன், அதைத் தின்னப் பெரிய மீன். இந்த நிறத்தை ஆகாயத்திலிருந்து படிப்பதற்கென்றே நாம் 1999-ல் ஓஷன்ஸாட் செயற்கைக்கோளை அனுப்பினோம். க்ளோரோஃபில்லையும் நீரின் வெப்பத்தையும் வைத்து, எந்தப் பக்கம் போனால் மீன் கிடைக்கலாம் என்று ஹைதராபாத்திலிருந்து மீனவர்களுக்குத் தகவல் சொல்கிறார்கள். நடுக்கடலில் அப்பழுக்கில்லாத நீலம் என்றால் பெரும்பாலும் அது உயிர்கள் குறைந்த பாலைவனம். பச்சையை நீலமாக்கும்போது நீங்கள் மீன்களை அல்லவா விரட்டுகிறீர்கள்!

இன்னொரு நஷ்டமும் உண்டு. 2019 ஆகஸ்டில் ஓர் இரவு, சென்னையில் கிழக்குக் கடற்கரைச் சாலை ஓரமாக அலைகள் உடையும்போது நீலமாக மின்னின. நாக்டிலூக்கா என்ற நுண்ணுயிரின் வேலை. வந்த படங்களைப் பார்த்து, 'இதுவும் கம்ப்யூட்டர் நீலம்' என்று தூங்கப் போய்விட்டேன். காலையில் பேப்பரைப் பார்த்தால் அத்தனையும் நிஜம். வீட்டிலிருந்து ஆட்டோவில் இருபது நிமிஷம். புலி வருது கதைதான். தினமும் நீலம் என்று காட்டினால், நிஜமாகவே நீலம் வந்த அன்று யார் எழுந்து போவார்கள்?

பரிசளிப்பு முடிந்ததும் முதல் பரிசு வாங்கிய பையனைத் தனியே பிடித்தேன். இருபத்திரண்டு வயசு இருக்கும். ஒரிஜினலைக் காட்டச் சொன்னேன். தயங்கிவிட்டு லேப்டாப்பைத் திறந்தான்.

சாயங்கால வெளிச்சம். களிம்பேறிய செப்புப் பாத்திரத்தின் பச்சையில் தண்ணீர், கரையை நெருங்க நெருங்க வண்டல் பழுப்பு. நடுவில் நுரை இழுபட்டு லேசான மஞ்சளில் ஓடுகிறது. டீக்காரருக்கு ஒரு நொடியில் அடையாளம் தெரிந்திருக்கும். பரிசு வாங்கியதைவிட இது எவ்வளவோ நல்ல படம்.

"ஏன் தம்பி மாத்தினீங்க?" என்றேன்.

சிரித்தான். "மாத்தாம போன வருஷம் அனுப்பினேன் ஸார். யாரும் மார்க் போடல."